எல்லையில்லா நட்பும் அறுபது டாலர் எண்ணெயும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போரையும் பொருளாதாரத் தடைகளையும் பற்றியவை. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள், அதனால் எல்லாருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்: ரஷ்யா மீது இதுவரை யார் மீதும் போடாத அளவுக்குத் தடை போட்டதாகச் சொல்கிறார்கள். ஆனாலும் போர் நிற்கவில்லையே. தடை என்பதே வீண்தானா?

வீண் இல்லை. ஆனால் தடை போட்டால் போர் நின்றுவிடும் என்று ஆரம்பத்தில் சொன்னார்களே, அந்தப் பேச்சுதான் தவறு.

நடந்ததைப் பாருங்கள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. சில நாட்களிலேயே ரஷ்ய மத்திய வங்கியின் வெளிநாட்டுக் கையிருப்பில் ஏறத்தாழ பாதியை, சுமார் 30,000 கோடி டாலரை, மேற்கு நாடுகள் முடக்கின. நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் தகவல் பரிமாறும் ஸ்விஃப்ட் வலையமைப்பிலிருந்து ஏழு ரஷ்ய வங்கிகளை நீக்கினார்கள். ரூபிள் சரிந்து மார்ச்சில் ஒரு டாலருக்கு 120-ஐத் தாண்டியது, ஏடிஎம் வாசல்களில் வரிசை நின்றது. அந்த நேரத்தில் மத்திய வங்கித் தலைவர் எல்விரா நபியுல்லினா வட்டியை ஒரே நாளில் 9.5 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு ஏற்றினார், ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டில் சம்பாதிப்பதில் 80 சதவீதத்தை ரூபிளாக மாற்றியே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது, ஜூன் மாதம் பார்த்தால் ரூபிள் போருக்கு முன் இருந்ததைவிட வலுவாக நின்றது.

அந்த வலு எங்கிருந்து வந்தது? எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான். தடை போட்ட ஐரோப்பாவே 2022 முழுக்க அவற்றை வாங்கிக்கொண்டிருந்தது, அதுவும் போரால் ஏறிப்போன விலையில். அந்த ஓர் ஆண்டில் எண்ணெய், எரிவாயு மூலம் ரஷ்ய பட்ஜெட்டுக்கு வந்தது 11.6 லட்சம் கோடி ரூபிள். கடல் வழியாக வரும் கச்சா எண்ணெயை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது 2022 டிசம்பர் 5 அன்றுதான். அன்றைக்கே அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் உள்ளிட்ட ஜி7 என்ற பணக்கார நாடுகள் ஒரு பேரலுக்கு 60 டாலர் என்ற உச்சவரம்பையும் கொண்டுவந்தன.

இந்த உச்சவரம்பு வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ரஷ்யாவை எண்ணெய் விற்காதே என்று யாரும் சொல்லவில்லை. 60 டாலருக்கு மேல் விற்றால் எங்கள் கப்பலும் கிடையாது, காப்பீடும் கிடையாது என்றார்கள். உலகக் கடல்களில் ஓடும் கப்பல்களில் 90 சதவீதத்துக்குக் காப்பீடு தருவது லண்டனை மையமாகக் கொண்ட ஒரே கூட்டமைப்பு என்பதால் இது நல்ல பிடி என்று நினைத்தார்கள். ரஷ்யா என்ன செய்தது? உடைக்கப் போக வேண்டிய வயதான டேங்கர்களை, யார் முதலாளி என்றே தெரியாத கம்பெனிகளின் பெயரில் வாங்கிக் குவித்தது. ஒரு கப்பல் காபோன் கொடியோடு கிளம்பும், நடுவழியில் இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிடும், கிரேக்கக் கடற்கரைக்கு அப்பாலோ மலேசியாவுக்கு அருகிலோ இன்னொரு கப்பலோடு ஒட்டி நின்று எண்ணெயை மாற்றும், அடுத்த மாதம் அதே கப்பல் வேறு பெயரில் வேறு கொடியில் வரும். ஒழுங்கான காப்பீடு இல்லாத இந்தக் கப்பல்களில் ஒன்று உடைந்து எண்ணெய் கொட்டினால் அந்தக் கரையில் மீன் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு நஷ்ட ஈடு தர ஆள் கிடையாது. எனக்கு இதில் பெரிய கவலை அதுதான்.

ஆனால் வலிக்கவே இல்லை என்று சொல்கிறவர்களும் முழு உண்மையைச் சொல்வதில்லை. 2023, 2024 இரண்டு ஆண்டும் ரஷ்யப் பொருளாதாரம் 4 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தது, சரி. அந்த வளர்ச்சியில் பெரிய பங்கு பீரங்கிக் குண்டும் டாங்கியும் செய்ததில் வந்தது. 2025 பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் ராணுவத்துக்கே போனது. 2024 அக்டோபரில் வட்டி 21 சதவீதம் ஆனது. அந்த வட்டியில் யார் வீடு கட்ட முடியும், யார் பட்டறை வைக்க முடியும்? அதே ஆண்டு வெண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தில் சில கடைகளில் வெண்ணெய்ப் பொட்டலங்களைத் திருட்டுக்குப் பயந்து பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டி வைத்து விற்றார்கள். மறுபக்கம், போருக்குக் கையெழுத்துப் போட்டால் மாஸ்கோ நகரம் மட்டும் 19 லட்சம் ரூபிள் தந்தது. 2025-இல் நிறுவன வரியை 20-லிருந்து 25 சதவீதமாக ஏற்றினார்கள், அப்புறம் 2026 முதல் மதிப்புக்கூட்டு வரி 22 சதவீதம். தடை போர் நடத்துகிறவனின் கையைக் கட்டவில்லை, போரின் விலையை ஏற்றியது. ஏறிய விலையைக் கட்டுவது வெண்ணெய் வாங்கப் போகிறவர்.

கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்: சீனா ரஷ்யாவின் ‘எல்லையில்லா’ நண்பன் என்கிறார்கள். உண்மையிலேயே சீனா ரஷ்யாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறதா?

காப்பாற்றுகிறது, ஆனால் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் காப்பாற்றுகிறது.

‘எல்லையில்லா நட்பு’ என்பது 2022 பிப்ரவரி 4 அன்று, பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கிய நாளில், புதினும் ஷி ஜின்பிங்கும் வெளியிட்ட கூட்டறிக்கையில் வந்தது. இருபது நாளில் போர். அடுத்து என்ன நடந்தது தெரியுமா? பெய்ஜிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி மார்ச் 3 அன்றே ரஷ்யா, பெலாரஸ் தொடர்பான வேலைகளை எல்லாம் நிறுத்தி வைத்தது. விமான உதிரி பாகங்கள் தர சீனா மறுத்துவிட்டது என்று ரஷ்ய விமானத் துறை அதிகாரி ஒருவரே அந்த மாதம் சொன்னார். ‘எல்லையில்லா’ என்று எழுதிய மை காய்வதற்குள் எல்லை எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள்.

அதே சமயம் வணிகம் எகிறியது. 2021-இல் சுமார் 14,700 கோடி டாலராக இருந்த இருதரப்பு வர்த்தகம் 2023-இல் 24,000 கோடியைத் தொட்டது. ரஷ்யாவின் மொத்த வெளிநாட்டு வணிகத்தில் சீனாவின் பங்கு இப்போது மூன்றில் ஒரு பங்கு. திருப்பிப் பார்த்தால் சீனாவின் வணிகத்தில் ரஷ்யாவின் பங்கு 4 சதவீதத்தை ஒட்டித்தான். இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே யாருக்கு யார் தேவை என்பது விளங்கிவிடும்.

மாஸ்கோவில் ஒரு கார் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் ரெனோ நடத்தியது. போர் வந்ததும் 2022 மே மாதம் ரெனோ அதை விட்டுவிட்டுப் போனது. லாடா கார் செய்யும் அவ்டோவாஸில் தனக்கிருந்த பெரும்பான்மைப் பங்கையும் ஒரு ரூபிளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. மாஸ்கோ ஆலைக்கு சோவியத் காலத்து ‘மஸ்க்விச்’ என்ற பெயரை மறுபடி சூட்டினார்கள். உள்ளே பார்த்தால் வண்டி சீனாவின் ஜேஏசி மாடல், மேலே முத்திரை மட்டும் ரஷ்யா. லாடாவின் கதை இன்னும் வருத்தமானது. உதிரி பாகம் கிடைக்காமல் 2022 கோடையில் காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் இல்லாமலே கார் விற்றார்கள். குடும்பத்தோடு அந்தக் காரில் போகிறவர் இந்தப் போரைக் கேட்டாரா? அந்த இடத்தில் ஹவால், செரி, ஜீலி என்று சீனக் கம்பெனிகள் வந்து உட்கார்ந்து, சந்தையில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டன. கடைசியில் ரஷ்ய அரசே பயந்துபோய் 2024 அக்டோபர் முதல் இறக்குமதிக் கார்களுக்கான மறுசுழற்சிக் கட்டணத்தை ஏற்றியது, சீன வண்டிகளைக் கொஞ்சமாவது தடுக்க.

எரிவாயு இன்னும் தெளிவு. ஐரோப்பாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 15,000 கோடி கன மீட்டர் விற்றுக்கொண்டிருந்த நாடு ரஷ்யா. ‘சைபீரியாவின் சக்தி’ என்ற குழாய் வழியாக சீனாவுக்குப் போவது முழு வேகத்தில் 3,800 கோடி கன மீட்டர்தான். இரண்டாவது குழாயை மங்கோலியா வழியாகப் போட வேண்டும் என்று ரஷ்யா கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பரில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது, விலை மட்டும் முடிவாகவில்லை. சீனாவுக்கு அவசரமில்லை. ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் 2023-இல் 62,900 கோடி ரூபிள் நஷ்டம் காட்டியது, 1999-க்குப் பிறகு அதற்கு வந்த முதல் ஆண்டு நஷ்டம். வேறு வாங்குபவர் இல்லாதவனிடம் விலை பேச யார்தான் அவசரப்படுவார்?

வங்கிகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் அமெரிக்கா ஓர் உத்தரவு போட்டது: ரஷ்ய ராணுவத் தொழிலுக்கான பணத்தைக் கைமாற்றும் வெளிநாட்டு வங்கிக்கு டாலர் கதவு மூடப்படும். அவ்வளவுதான், சீன வங்கிகள் ரஷ்யாவிலிருந்து வரும் பணத்தைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தன. பீரங்கிக்கு மட்டுமில்லை, சாதாரண வீட்டுச் சாமான் வாங்கியவரின் பணமும் வாரக்கணக்கில் நின்றது. தரகர்கள் முளைத்தார்கள், அவர்களுக்குக் கமிஷன், அந்தக் கமிஷனும் பொருளின் விலையில் ஏறியது. சீனாவுக்கு அமெரிக்க, ஐரோப்பியச் சந்தை ரஷ்யச் சந்தையைவிடப் பல மடங்கு பெரிது. அதை ரஷ்யாவுக்காக இழக்க அது தயாராக இல்லை.

ஆனால் ஒன்று, சீனா இல்லாவிட்டால் ரஷ்யா இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்திருக்காது. ஏவுகணைக்கும் ட்ரோனுக்கும் வேண்டிய சில்லுகள், கணினி வழி இயங்கும் லேத் இயந்திரங்கள், பேரிங்குகள் எல்லாம் பெரும்பாலும் சீனாவிலிருந்தோ ஹாங்காங் வழியாகவோதான் போகின்றன. ஆயுதம் தரவில்லை என்று சீனா சொல்கிறது. ஆயுதம் செய்யும் இயந்திரம் போய்க்கொண்டிருக்கிறது. உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் அடுக்குமாடி வீட்டின் மேல் விழுகிற ட்ரோனுக்குள் இருக்கும் பாகம் எந்தப் பெட்டியில் எந்தப் பெயரில் ஏற்றுமதியானது என்பது அங்கே செத்தவருக்கு ஒரு பொருட்டில்லை.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, நாகர்கோவில்: முடக்கிய ரஷ்யப் பணத்தை உக்ரைனுக்குக் கொடுத்துவிடலாமே, ஏன் தயங்குகிறார்கள்?

அந்தப் பணத்தில் பெரும்பகுதி பெல்ஜியத்தில், கடன் பத்திரங்களையும் பங்குகளையும் பாதுகாத்து வைக்கும் யூரோக்ளியர் என்ற நிறுவனத்தில், சுமார் 19,000 கோடி யூரோ, கணக்குப் பதிவாக இருக்கிறது. ரஷ்ய மத்திய வங்கி வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் முதிர்ந்து ரொக்கமாகி வட்டி ஈட்டுகின்றன. அந்த வட்டியை அடிப்படையாக வைத்து உக்ரைனுக்கு 5,000 கோடி டாலர் கடன் தர 2024-இல் ஜி7 நாடுகள் முடிவு செய்தன. அசலைத் தொடவில்லை. 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் முறையை விட்டுவிட்டு முடக்கத்தைக் காலவரையின்றி நீட்டியது. ஆனால் அந்தப் பணத்தைக் காட்டி உக்ரைனுக்குக் கடன் தரும் திட்டம் உச்சி மாநாட்டில் நிறைவேறவில்லை, பின்னால் வழக்கு வந்தால் நான் மட்டும் மாட்டிக்கொள்வேன் என்று பெல்ஜியம் எதிர்த்தது. கடைசியில் ஒன்றியமே கடன் வாங்கி 9,000 கோடி யூரோ தருவதாக முடிவானது.

இடித்தவன் பணத்தில் வீடு கட்டித் தருவது நியாயம் என்றே நினைக்கிறேன். அதே நேரத்தில் ஒரு நாட்டின் கையிருப்பை இன்னொரு நாடு கோர்ட் தீர்ப்பு இல்லாமல் எடுக்கலாம் என்று வழக்கமாகிவிட்டால், நாளைக்கு அது யார் மீது திரும்பும் என்ற பயமும் நியாயமானதுதான். அந்தப் பயத்தின் அளவைத் தங்கத்தில் பார்க்கலாம். 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் உலக மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. நம் ரிசர்வ் வங்கி 2023-24-இல் இங்கிலாந்தில் வைத்திருந்த தங்கத்தில் 100 டன்னை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

நீங்கள் வங்கியில் இருந்தவர், வோஸ்ட்ரோ கணக்கு என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வெளிநாட்டு வங்கி நம் வங்கியில் ரூபாயில் வைத்திருக்கும் கணக்கு அது. ரஷ்யாவோடு ரூபாயில் வணிகம் செய்ய அப்படிக் கணக்குகள் திறந்தோம். நாம் வாங்குவது அதிகம், விற்பது கொஞ்சம், ரூபாய் அங்கேயே தேங்கியது. 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் கோடிக்கணக்கில் ரூபாய் கிடக்கிறது, அதைப் பயன்படுத்த வழியில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். டாலரை ஒழிப்போம் என்று மேடையில் பேசுவது சுலபம். கையில் வந்த ரூபாயை வைத்து என்ன வாங்குவது என்பதில்தான் சிக்கல்.

பின்னலாடை நிறுவனக் கணக்காளர், திருப்பூர்: எங்கேயோ நடக்கும் போருக்கு எங்கள் ஊர் ஏன் தண்டம் கட்டியது?

கோபம் புரிகிறது. எனக்கும் அதே கோபம்தான்.

போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்தை ஒட்டி இருந்தது. தள்ளுபடி விலையில் கிடைத்ததும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. முதல் இரண்டு ஆண்டும் அமெரிக்காவே இதைக் கண்டுகொள்ளவில்லை, சந்தையில் எண்ணெய் குறைந்தால் விலை எகிறும் என்ற பயம் அவர்களுக்கு. 2025-இல் டிரம்ப் அரசு ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி, இந்தியப் பொருள்கள் மீது ஏற்கெனவே இருந்த 25 சதவீத வரிக்கு மேல் இன்னொரு 25 சதவீதம் போட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50 சதவீதம் ஆனது. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம்தான் இருந்தது.

ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகமாக வாங்கியது சீனா. அதற்கு இந்தத் தண்டனை வரி போடவில்லை. காரணம், 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டுக் காட்டியது. அவை இல்லாமல் அமெரிக்காவில் காரும் ஓடாது, போர் விமானமும் பறக்காது. திருப்பி அடிக்க முடிந்தவனை விட்டுவிட்டார்கள், முடியாதவன் மேல் கை வைத்தார்கள்.

ஆண்டுக்குச் சுமார் 45,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊர் உங்களுடையது, அதில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. வரி ஏறியதும் பையர் முதலில் கேட்டது தள்ளுபடி. அதைக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கொடுக்காவிட்டால் அடுத்த சீசன் ஆர்டர் போய்விடும். ஒன்றரை ஷிப்ட் ஓடிய யூனிட் ஒரு ஷிப்ட்டுக்கு வந்தால் சனிக்கிழமை சம்பளக் கவரில் அது உடனே தெரியும். புதினின் முடிவுக்கும் வாஷிங்டனின் முடிவுக்கும் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண் எந்த வகையில் பொறுப்பு? எண்ணெய்த் தள்ளுபடியில் லாபம் பார்த்தது சுத்திகரிப்பு ஆலைகள், அடி வாங்கியது ஆயத்த ஆடையும் இறாலும் தோலும். லாபம் பார்த்த இடத்திலிருந்து அடி வாங்கிய இடத்துக்கு அரசு பணத்தைத் திருப்பியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு தாய், சேலம்: மகள் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறாள். பணம் அனுப்புவதே பெரும்பாடாக இருக்கிறதே?

2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவை விட்டுப் போய்விட்டன, அதனால் நம் ஊர் கார்டு அங்கே செல்லாது. மகள் அங்குள்ள வங்கியில் கணக்குத் தொடங்கி, உள்நாட்டு ‘மிர்’ கார்டு வாங்கிக்கொள்ளட்டும். தடைப் பட்டியலில் இல்லாத வங்கியாகப் பார்த்து, அனுப்பும் முன் உங்கள் வங்கியில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், பட்டியல் அடிக்கடி மாறுகிறது. வாட்ஸ்அப்பில் ‘இங்கே ரூபாய் கொடுங்கள், அங்கே ரூபிள் தருகிறோம்’ என்று வரும் ஆட்களை நம்ப வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நல்ல சம்பளத்தில் உதவியாளர் வேலை, பாதுகாவலர் வேலை என்று சொல்லி இந்திய இளைஞர்களை ரஷ்ய ராணுவத்தில் சேர்த்துவிட்ட ஏஜென்ட்டுகள் மீது 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் போட்டது. போர்முனையில் சிலர் செத்தே போனார்கள். அங்கே படிக்கும் பையன்களுக்கும் இந்த வலை விரிக்கப்படுகிறது. தெரிந்த வீட்டில் யாராவது ரஷ்யாவில் இருந்தால், புரியாத மொழியில் வரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

வாசகர், கொழும்பு: 2022-இல் எங்கள் நாடு பட்ட பாட்டில் ரஷ்யத் தடைக்கும் பங்கு உண்டா?

நெருக்கடிக்கு அடிப்படைக் காரணம் உங்கள் நாட்டு ஆட்சியாளர்களின் கடனும் வரிக் குறைப்பும் ரசாயன உரத்தைத் தடை செய்த முடிவும்தான். அதைத் தடைகளின் தலையில் போட முடியாது. ஆனால் விழுந்துகிடந்த நேரத்தில் இதுவும் மேலே வந்து விழுந்தது.

2022 ஜூன் 2 அன்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் ரஷ்ய விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டின் ஏர்பஸ் ஒன்றை நீதிமன்ற உத்தரவின் பேரில் நிறுத்தி வைத்தார்கள், ஞாபகம் இருக்கும். விமானம் ஓர் அயர்லாந்துக் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்தது. தடை வந்ததும் குத்தகையை ரத்து செய்து விமானங்களைத் திருப்பித் தரச் சொன்னார்கள், ரஷ்யா தரவில்லை, இப்படி நானூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் அங்கே மாட்டிக்கொண்டன. கம்பெனி கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போனது. மாஸ்கோ இலங்கைத் தூதரை அழைத்துக் கண்டித்தது, ஏரோஃப்ளோட் கொழும்பு சேவையையே நிறுத்தியது. நாலு நாளில் உத்தரவு விலக்கப்பட்டு விமானம் பறந்துவிட்டது, சேவை திரும்ப அக்டோபர் ஆனது. டாலருக்காக நாடே ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளை நம்பி இருந்த கடலோர விடுதிகளுக்கு அந்த மாதங்கள் போனது போனதுதான்.

அதற்குச் சில நாள் முன்பு, மூடிக்கிடந்த சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்துக்கு 90,000 டன் ரஷ்யக் கச்சா எண்ணெய் வந்து இறங்கியது. பணம் புரட்ட முடியாமல் அந்தக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு மாதத்துக்கு மேல் காத்து நின்றது. பெரிய நாடுகள் மோதும்போது சின்ன நாடு நியாயம் பேசவும் முடியாது, ஒதுங்கி நிற்கவும் முடியாது.

வாசகர், திருநெல்வேலி: கூடங்குளம் பாதிக்கப்படுமா?

2025 இறுதி வரை இல்லை. கூடங்குளம் அணு உலைகளைக் கட்டும் ரஷ்ய அரசு நிறுவனமான ரோசாட்டத்தின் தலைவர் மீதும் நிர்வாகிகள் மீதும் 2025 ஜனவரியில் அமெரிக்கா தடை போட்டதே தவிர, நிறுவனத்தை மொத்தமாக வெட்டிவிடவில்லை. காரணம், ரஷ்யச் செறிவூட்டிய யுரேனியத்தை அமெரிக்க அணு உலைகளே வாங்கி வந்தன, 2024-இல் போட்ட இறக்குமதித் தடைச் சட்டத்திலும் 2027 இறுதி வரை விலக்கு வைத்தார்கள். தனக்குத் தேவையானதை விட்டுவிட்டுத்தான் யாரும் தடை போடுகிறார்கள்.

ஆராய்ச்சி மாணவி, மதுரை: வரலாற்றில் பொருளாதார நெருக்குதலால் ஒரு போராவது நின்றிருக்கிறதா?

நின்றிருக்கிறது, 1956-இல். ஆனால் அடி வாங்கியது எதிரி இல்லை, நண்பன்.

எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். இஸ்ரேலோடு பேசி வைத்துக்கொண்டு பிரிட்டனும் பிரான்சும் படையை இறக்கின. அமெரிக்க அதிபர் ஐசனோவர் கோபப்பட்டார். பவுண்டு சரிந்துகொண்டிருந்தது, பிரிட்டனுக்குப் பன்னாட்டு நிதியமான ஐஎம்எஃப்பின் பணம் தேவைப்பட்டது, போரை நிறுத்தும் வரை கிடையாது என்று அமெரிக்கா கையை விரித்துவிட்டது. நவம்பர் 5 அன்று பாராசூட் படை இறங்கியது, 6 அன்று பிரிட்டன் போர் நிறுத்தத்துக்கு ஒத்துக்கொண்டது, டிசம்பருக்குள் படை வெளியேறியது. நெருங்கிய கூட்டாளி என்பதால்தான் அது பலித்தது. பிரிட்டனுக்கு ஓடிப்போக வேறு வீடு இல்லை.

ஓட வேறு வீடு இருந்தால் என்ன ஆகும்? 1935-இல் முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்தார். ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் தடை போட்டது, முக்கியமான எண்ணெயை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை, சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. எத்தியோப்பியா வீழ்ந்தது. 1936 ஜூலையில் தடையையும் எடுத்துவிட்டார்கள். அதற்குள் இத்தாலி ஹிட்லர் பக்கம் சாய்ந்துவிட்டது, அந்த ஆண்டே ரோம்-பெர்லின் அச்சு உருவானது. அரைகுறைத் தடை போரையும் நிறுத்தவில்லை, இரண்டு சர்வாதிகாரிகளையும் சேர்த்து வைத்தது.

முழுத் தடை போட்டால்? 1941 ஜூலை, ஆகஸ்டில் அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கி எண்ணெயை நிறுத்தியது. ஜப்பானின் எண்ணெயில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. சீனா மீது படையெடுத்திருந்த ஜப்பான், அங்கிருந்து பின்வாங்குவதற்குப் பதில் டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தின் மீது குண்டு போட்டது. ஜப்பான் சீனாவில் செய்த கொடுமைகளுக்கு அந்தத் தடை வேண்டியதுதான் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அது அமைதி வழி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இராக்கை மட்டும் மறக்க முடியவில்லை. 1990 முதல் 2003 வரை தடை. சதாம் அரண்மனை கட்டிக்கொண்டிருந்தார், மருந்துக்கும் சுத்தமான தண்ணீருக்கும் அலைந்தது மக்கள். அங்கே ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998-இல் மனம் பொறுக்காமல் பதவி விலகினார், அவர் இடத்துக்கு வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000-இல் விலகினார். இரண்டு அதிகாரிகள் அடுத்தடுத்து வேலையை உதறிவிட்டுப் போகும் அளவுக்கு அங்கே நிலைமை இருந்தது.

வாசகர், பினாங்கு: ரஷ்யா, சீனா, ஈரான், வடகொரியா ஒரே அணி என்று சொல்லலாமா?

அணி என்றால் ஒருவனுக்கு அடி விழும்போது மற்றவன் வர வேண்டும். ஈரான் ரஷ்யாவுக்கு ஷாஹெட் ட்ரோன்களைக் கொடுத்தது, அவற்றைச் செய்யும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தது. 2025 ஜனவரி 17 அன்று இருவரும் விரிவான கூட்டாண்மை ஒப்பந்தம் போட்டார்கள், அதில் ஒருவரை ஒருவர் காக்கும் பிரிவு இல்லை. ஜூனில் இஸ்ரேலும் பிறகு அமெரிக்காவும் ஈரானைத் தாக்கியபோது ரஷ்யா கண்டன அறிக்கை விட்டது, பன்னிரண்டு நாளும் அவ்வளவுதான்.

வடகொரியாவின் கதை வேறு. 2024 மார்ச்சில் ஐ.நா.வில் வடகொரியத் தடைகளைக் கண்காணிக்கும் நிபுணர் குழுவையே ரஷ்யா தன் வீட்டோவால் முடித்து வைத்தது. ஜூனில் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம், ஆண்டின் இறுதிக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வடகொரியச் சிப்பாய்கள் ரஷ்யாவின் குர்ஸ்க் போர்க்களத்தில். மொழி தெரியாத பனிக்காட்டில், எதற்காகப் போரிடுகிறோம் என்றுகூடத் தெரியாமல் செத்த அந்தப் பையன்களுக்கு ஈடாக பியோங்யாங்குக்குப் போனது எண்ணெயும் உணவும் பணமும். தடைகளால் ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் ஒரு சந்தையை உண்டாக்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதை விற்கிறார்கள், வடகொரியாவிடம் இருந்தது ஆட்கள்.

வாசகர், சென்னை: இவ்வளவு மலிவாக எண்ணெய் வாங்கினோமே, பெட்ரோல் விலை ஏன் குறையவில்லை?

2022 மே மாதத்திலிருந்து 2024 மார்ச் வரை சென்னையில் பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 காசு, கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு அசையவே இல்லை. மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் சுமார் இரண்டு ரூபாய் குறைத்தார்கள். 2022-இல் உலக விலை ஏறியபோது ஏற்றாமல் நஷ்டப்பட்டோம், அதை ஈடுகட்டுகிறோம் என்று எண்ணெய் நிறுவனங்கள் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 2023-24-இல் மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் பார்த்தன, நஷ்டக் கணக்கு அதற்கு மேலும் எடுபடவில்லை. தனியார் ஆலைகளின் வழி வேறு: குஜராத்தில் ரஷ்யக் கச்சாவை இறக்கி, டீசலாக்கி, அதில் ஒரு பகுதியை ஐரோப்பாவுக்கே விற்றார்கள். ரஷ்யாவிடம் நேரடியாக வாங்க மாட்டேன் என்ற ஐரோப்பா நம் வழியாகச் சுற்றி வந்ததை வாங்கிக்கொண்டது. 2026 ஜனவரி 21 முதல் அப்படி வரும் டீசலுக்கும் தடை என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது. 2025 அக்டோபரில் ரஷ்யாவின் பெரிய எண்ணெய் நிறுவனங்களான ரோஸ்நெஃப்ட், லுக்காயில் இரண்டின் மீதும் அமெரிக்கா தடை போட்டதும் நம் பெரிய வாங்குபவர்கள் சிலர் உடனே கொள்முதலைக் குறைத்துக்கொண்டார்கள். தள்ளுபடி இருந்த மூன்று ஆண்டில் அது உங்கள் வண்டி டேங்க் வரை வரவேயில்லை, வழியிலேயே நின்றுவிட்டது.